கிரிக்கெட் ஆடிய பாதிரியாரைப் பற்றி மலருக்கு எழுதுவது எப்படி?

கிருஷ்ணகிரியில் டிடிபி கடை வைத்திருப்பவனுக்கு மலர் வேலை வருடம் முழுக்க இருக்கும். பள்ளி ஆண்டு மலர், சபை நூற்றாண்டு மலர், மாங்கனிக் கண்காட்சி சமயத்தில் வரும் விளம்பர மலர் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுகளுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். அதனால் சபை வாலிபர் சங்கத்துப் பையன்கள் கோப்பைப் போட்டி நடத்தினால், "அண்ணா, கிரிக்கெட் ஆடின பாதிரியார் யாராவது இருந்தா மலர்ல ஒரு பக்கம் போடலாமே" என்று கடையில் வந்து நிற்பார்கள். இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். எழுதும் முறையை இங்கே விவரமாகச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் டைப் செய்ய மட்டும் என்னிடம் வந்தால் போதும்.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் இங்கிலாந்துக் கவுண்டி (மாவட்ட) அணிகளில் குருமார் ஆடுவது சாதாரணம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் படித்தவர்களில் கணிசமானோர் சபைப் பணிக்குப் போனார்கள். சம்பளம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் ஆட்டக்காரர்கள் பெருவாரியாக வந்ததும் அந்த இரண்டு இடங்களிலிருந்துதான். ஆகவே பெயருக்குப் பஞ்சமில்லை, பொருத்தம்தான் பார்க்க வேண்டும். லார்டு ஃப்ரெடரிக் போக்ளேர்க் என்று ஒருவர், 1773இல் பிறந்தவர், செயின்ட் ஆல்பன்ஸ் சபையின் குரு, 1826இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்து எம்.சி.சி. கிரிக்கெட் கிளப்பின் தலைவர். ஆனால் மனிதர் பந்தயப் பணத்துக்கு ஆடியே பெயர் வாங்கியவர். சபை மலரில் அவரைப் போட்டால் கமிட்டி பெரியவர்கள் உங்களைத்தான் கேள்வி கேட்பார்கள்.

சுவாரசியத்துக்கு ஆள் வேண்டும் என்றால் சாமர்செட் விக்கெட் கீப்பர் ஆர்ச்டேல் விக்காமை எடுக்கலாம். 1895இல் பிரிஸ்டலில் டபிள்யூ. ஜி. கிரேஸ் தன் நூறாவது சதத்தைக் கடந்து 288 அடித்தபோது ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர் இவர். அந்த முழு இன்னிங்ஸிலும் பேட்டைத் தாண்டித் தன்னிடம் வந்த பந்துகள் நான்குதான் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பட்டாம்பூச்சி சேகரிப்பிலும் கெட்டிக்காரர். எசெக்ஸ் அணியின் ஃப்ராங்க் கில்லிங்ஹாம் டோக்கியோவில் பிறந்தவர். முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரம் ரன்னைத் தாண்டியவர். 1927 மே மாதம் லேட்டனில் எசெக்ஸும் நியூசிலாந்தும் ஆடியபோது பிபிசி வானொலியில் நேர்முக வர்ணனை செய்தார். இங்கிலாந்தில் கிரிக்கெட் வர்ணனை தொடங்கியது அவர் குரலில்தான். இந்த ஒரு தகவலுக்காகவே பள்ளி மலர்க்காரர்கள் அவரை எடுக்கலாம். டெஸ்ட் ஆடியவர்தான் வேண்டும் என்று பையன்கள் பிடிவாதம் பிடித்தால் டேவிட் ஷெப்பர்டு. கீழே முறையை விளக்க நான் எடுத்துக்கொள்ளப்போவதும் அவரைத்தான்.

ஆள் கிடைத்ததும் ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் நடுவே மடியுங்கள். இடது பக்கம் கிரிக்கெட், வலது பக்கம் சபை, ஓரத்தில் மேலிருந்து கீழாக வருடங்கள். கிரிக்கெட் பக்கத்தை நிரப்புவது சுலபம். 1864 முதல் வருடாவருடம் வரும் விஸ்டன் ஆண்டு மலர் இருக்கிறது, அவர் ஆடிய ஒவ்வொரு மேட்சின் ஸ்கோர் அட்டையும் இணையத்தில் கிடைக்கிறது. பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் வரும் கட்டுரை எல்லாம் "இத்தனை மேட்ச், இத்தனை ரன், பிறகு பாதிரியார் ஆனார், பிறகு காலமானார்" என்று ரேஷன் கார்டு விவரம் மாதிரி இருக்கிறது.

வலது பக்கத்துக்கு கிராக்ஃபோர்டு என்ற குருமார் விவரக்கோவை உதவும். 1858 முதல் வருகிறது. ஒவ்வொரு குருவுக்கும் நாலைந்து வரிதான், எல்லாம் சுருக்கெழுத்தில். எந்தக் கல்லூரி, டீக்கன் (குருப்பட்டத்துக்கு முந்தைய படி) ஆன வருடம், குருப்பட்டம் பெற்ற வருடம், எந்த ஊரில் எதிலிருந்து எதுவரை உதவி குரு, எந்தச் சபைக்குப் பொறுப்பு என்று வரிசையாக இருக்கும். அங்கே ஒரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலிக்கன் சபையில் பொதுவாக 23 வயதுக்கு முன் டீக்கன் ஆக முடியாது, 24க்கு முன் குரு ஆக முடியாது. பிறந்த வருடம் தெரிந்தால் தாளின் வலது பக்கம் எங்கே தொடங்கும் என்று கோடு போட்டுவிடலாம்.

இரண்டு பக்கமும் நிரம்பிய பிறகு, இடது பக்கத்தில் காலியாக இருக்கும் வருடங்களைப் பாருங்கள். கட்டுரை அங்கேதான் இருக்கிறது. ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் எந்த மேட்சுக்கு வருவான் என்பதை ஷிப்ட் சார்ட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்; பாதிரியாரின் கிரிக்கெட்டும் அப்படித்தான், சபை வேலையின் சார்ட்டைப் பக்கத்தில் வைக்காமல் அவருடைய ஸ்கோர் புரியாது. 19, 20 வயதில் பல்கலைக்கழக அணி, லார்ட்ஸில் ஆக்ஸ்ஃபோர்டு - கேம்பிரிட்ஜ் மேட்ச், கோடை விடுமுறையில் கவுண்டிக்குச் சில ஆட்டம். 23, 24இல் திடீரென்று காலி. அப்புறம் பல வருடங்கள் ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாலைந்து மேட்ச். ஃபார்ம் போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். உதவி குருவாக இருப்பவருக்கு லீவு கிடைப்பது ஆகஸ்டில். அவர்களில் நிறையப் பேர் பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்தார்கள், அவர்களுக்கும் கோடை விடுமுறை ஆகஸ்ட்தான்.

இன்னொன்று நம் ஊர் வாசகருக்குச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே டோர்னமென்ட் என்றால் ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து சபைப் பையன்கள் கிரவுண்டுக்கு வர பதினொரு மணி ஆகும், அதனால் அவர்கள் மேட்சைத் தள்ளியே போடுவோம். அப்படி இருக்க, குருவானவர் எப்படி மேட்ச் ஆடினார் என்று படிப்பவர் கேட்பார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஞாயிறன்று ஆட்டமே கிடையாது. மூன்று நாள் கவுண்டி மேட்ச் சனிக்கிழமை தொடங்கினால் ஞாயிறு விட்டு திங்கள், செவ்வாய் நடக்கும். டெஸ்ட்டிலும் ஞாயிறு ஓய்வு நாள். இதை ஒரே வரியில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பெயர் அச்சாகும் விதத்தையும் கவனியுங்கள். பழைய ஸ்கோர் அட்டைகளில் அமெச்சூருக்கு இனிஷியல் முன்னால், சம்பளத்துக்கு ஆடும் புரொபஷனலுக்கு இனிஷியல் பின்னால் அல்லது வெறும் பெயர். உடை மாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் இறங்கும் வாசல்கூடப் பல இடங்களில் வேறு. லார்ட்ஸில் ஒருமுறை இளம் புரொபஷனல் ஃப்ரெட் டிட்மஸின் இனிஷியல் அட்டையில் முன்னால் அச்சாகிவிட்டது என்று மைக்கில் திருத்தம் சொன்னார்கள். பாதிரியார்கள் எல்லோரும் அமெச்சூர் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். வார்விக்‌ஷயர் ஜாக் பார்சன்ஸின் வாழ்க்கையை எடுத்துப் பாருங்கள். முதலில் புரொபஷனல், முதல் உலகப்போருக்குப் பிறகு ராணுவ அதிகாரி என்பதால் அமெச்சூர் கேப்டன் பார்சன்ஸ், ராணுவத்தை விட்டு வந்ததும் மறுபடி புரொபஷனல், 1929இல் சபைப் பட்டம் வாங்கியபின் மறுபடி அமெச்சூர். ஒரே மனிதர், ஒரே பேட்டிங், இனிஷியல் மட்டும் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தது. என்னைக் கேட்டால் இதைவிட நல்ல கட்டுரை விஷயம் கிடையாது, ஆனால் பையன்களுக்கு டெஸ்ட் வேண்டும்.

சரி, ஷெப்பர்டுக்கு வருவோம். 1929 மார்ச் 6, சர்ரே கவுண்டியின் ரைகேட்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே 1950 ஆகஸ்டில் ஓவலில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக முதல் டெஸ்ட். 1952இல் 2262 ரன், சராசரி 64.62, இங்கிலாந்து சராசரிப் பட்டியலில் முதலிடம். வூஸ்டர்ஷயருக்கு எதிராக 239 நாட் அவுட் அடித்ததும் அந்த வருடம்தான். நம்மவர்களுக்கு ஒட்டும் சங்கதி ஒன்றும் அதே வருடம் இருக்கிறது. ஓவலில் இந்தியாவுக்கு எதிராக அவர் அடித்த 119, டெஸ்டில் அவருடைய அதிகபட்சம். இந்தியா 98க்குச் சுருண்டது, மழை வந்து மேட்ச் டிரா. இதை விட்டுவிடாதீர்கள், நம் வாசகர் நிமிர்ந்து உட்காரும் இடம் அது. 1953இல் சசெக்ஸ் கேப்டன், கவுண்டி சாம்பியன்ஷிப்பில் இரண்டாமிடம். 1954இல் இங்கிலாந்து கேப்டன் ஹட்டனுக்கு உடம்பு சரியில்லாமல் போகவே பாகிஸ்தானுக்கு எதிரான இரண்டு டெஸ்டுகளுக்கு இவர் கேப்டன். அப்போது அவர் கேம்பிரிட்ஜ் ரிட்லி ஹாலில் இறையியல் மாணவர். பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வந்து நாட்டு அணியை நடத்தினார் என்று எழுதினால் மிகை இல்லை.

இப்போது தாளைப் பாருங்கள். மொத்தம் 22 டெஸ்ட். 1950இல் ஒன்று, அந்தக் குளிர்காலச் சுற்றுப்பயணத்தில் ஆஸ்திரேலியாவில் இரண்டும் நியூசிலாந்தில் ஒன்றும், 1952இல் இரண்டு, 1954இல் இரண்டு, 1956இல் இரண்டு, 1957இல் இரண்டு, 1962இல் இரண்டு, 1962-63 பயணத்தில் ஆஸ்திரேலியாவில் ஐந்தும் நியூசிலாந்தில் மூன்றும். கூட்டினால் 22 வருகிறதா? வந்துவிட்டால் இடது பக்கம் சரி. வலது பக்கம், 1955இல் லண்டன் இஸ்லிங்டனில் உதவி குரு. 1957 முதல் 1969 வரை கிழக்கு லண்டன் துறைமுகப் பகுதியான கேனிங் டவுனில் மேஃப்ளவர் குடும்ப மையத்தின் பொறுப்பாளர். ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி. 1957க்கும் 1962க்கும் நடுவே இடது பக்கம் வெறும் வெள்ளையாக இருப்பதன் காரணம் வலது பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறது.

அந்த வெள்ளைக்குள் இன்னொன்றும் இருக்கிறது. 1960இல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்து வந்தபோது, நிறவெறியின்படி அமைந்த அணிக்கு எதிராக ஆட மாட்டேன் என்று மறுத்தார். 1970இல் அவர்கள் மறுபடி வரவிருந்த பயணத்தை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர். அந்தப் பயணம் ரத்தானது. ஆடாத மேட்ச் எந்த ஸ்கோர் அட்டையிலும் வராது. நீங்கள்தான் எழுத வேண்டும், அதுவும் ஒரு வரியில் முடிக்காமல் தனிப் பத்தியாக.

அவருடைய இரண்டு பெரிய ஆட்டங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1956 ஜூலை 26, வியாழக்கிழமை, மான்செஸ்டர் ஓல்ட் ட்ராஃபோர்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான நான்காவது டெஸ்ட். இஸ்லிங்டனில் சபை வேலை பார்த்துக்கொண்டு, அந்த சீசனில் கவுண்டி மேட்ச் மிகக் கொஞ்சமே ஆடியிருந்தவரை அணியில் எடுத்தார்கள். 113 அடித்தார். ஆனால் அந்த மேட்ச் யாருடைய மேட்ச் என்று கிரிக்கெட் தெரிந்த யாரையும் கேளுங்கள். இங்கிலாந்து சுழற்பந்து வீச்சாளர் ஜிம் லேக்கர், 90 ரன்னுக்கு 19 விக்கெட். பாதிரியாரின் சதம் அந்தப் பத்தொன்பதுக்கு அடியில் போய்விட்டது. கட்டுரையில் லேக்கரை மறைக்க வேண்டாம், அவருக்கு ஒரு வரி கொடுத்துவிட்டு உடனே நம் ஆளிடம் திரும்புங்கள்.

அடுத்தது 1962. மேஃப்ளவரிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஆட வந்தார். ஜூலையில் லார்ட்ஸில் அமெச்சூர்களும் புரொபஷனல்களும் மோதும் ஆட்டத்தில் 112. 1806இல் தொடங்கிய அந்த ஆட்டம் லார்ட்ஸில் நடந்த கடைசி முறை அது; அந்த வருட முடிவில் அமெச்சூர் என்ற பிரிவையே ஒழித்துவிடத் தீர்மானித்தார்கள். ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவரையே கேப்டனாகப் போடலாமா என்ற பேச்சும் இருந்தது, டெட் டெக்ஸ்டருக்குப் போய்விட்டது. மெல்பர்னில் புத்தாண்டு டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் பூஜ்யம். கேட்சும் விட்டார். இரண்டாவது இன்னிங்ஸில் 113, வெற்றி ரன்னுக்கு ஓடும்போது ரன் அவுட், இங்கிலாந்து 7 விக்கெட்டில் வெற்றி. அந்தப் பயணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்திரேலிய ஆலயங்களில் பிரசங்கமும் செய்தார், கூட்டம் வந்தது. ஒரே வாரத்தில் பூஜ்யம், சதம், பிரசங்கம். மலருக்கு இது போதும், வர்ணனை சேர்க்காதீர்கள்.

அவர் கேட்ச் விட்டதைப் பற்றி அதே அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஃப்ரெட் ட்ரூமன் கேலி செய்ததாக ஒரு ஜோக் பல வடிவங்களில் உலவுகிறது. கைகூப்பிப் பழகியவருக்குக் கை சேரவில்லையா என்கிற மாதிரி. பையன்கள் கட்டாயம் அதைப் போடச் சொல்வார்கள். போடுங்கள், ஆனால் மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் பேச்சை ஒருவர் வாய்ச்சொல்லாக அச்சிடக் கூடாது.

"முதல்" என்ற சொல்லிலும் ஜாக்கிரதை. டெஸ்ட் ஆடிய முதல் பாதிரியார் ஷெப்பர்டு என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாராவது வெர்னான் ராய்லைக் கொண்டுவந்து காட்டுவார். லங்கஷயர் ஆட்டக்காரர், ஃபீல்டிங்கில் பெரிய பெயர், 1879 ஜனவரியில் மெல்பர்னில் ஒரே ஒரு டெஸ்ட், 3 ரன்னும் 18 ரன்னும். அவர் சபைப் பட்டம் பெற்றது அதற்குப் பிறகு. மிடில்செக்ஸின் டாம் கில்லிக் 1929இல் இரண்டு டெஸ்ட் ஆடியவர், அவரும் பட்டம் பெற்றது பின்னால்தான். 1953 மே மாதம் குருமார் அணிகளுக்கு இடையிலான ஆட்டத்தில் பேட்டிங் செய்துகொண்டிருக்கும்போதே இறந்தார். ஆகவே ஷெப்பர்டை "குருப்பட்டம் பெற்றபின் டெஸ்ட் ஆடிய முதல் ஆள்" என்று எழுதுங்கள். சொல் நீளும், சண்டை வராது.

மிச்ச வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1969இல் வுல்விச் பிஷப், 1975 முதல் 1997 வரை லிவர்பூல் பிஷப், அங்கே கத்தோலிக்கப் பேராயர் டெரெக் வொர்லாக்கோடு கைகோத்து வேலை செய்தது, 1998இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை உறுப்பினர், 2005 மார்ச் 5 மரணம். மறுநாள் அவருக்கு 76 வயது நிறைந்திருக்கும்.

தமிழ்நாட்டுத் தொடர்பு ஏதாவது வேண்டுமே என்பவர்களுக்கு சி. டி. ஸ்டட் இருக்கிறார். குருப்பட்டம் பெற்றவர் இல்லை, மிஷனரி, அதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். 1882இல் ஓவலில் 85 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் 7 ரன்னில் தோற்றபோது, எதிர்முனையில் ஒரு பந்துகூடச் சந்திக்காமல் நின்றவர். இந்த இரண்டு நாட்டுத் தொடருக்கு ஆஷஸ் என்ற பேச்சே அந்தத் தோல்வியில் பிறந்தது. ஆஷஸ் கலசத்தில் ஒட்டியிருக்கும் பாட்டு வரிகளில் ஸ்டட் பெயரும் உண்டு. 1885இல் சீனா, 1900 முதல் 1906 வரை நம் ஊட்டியில் சபைப் போதகர், கடைசியில் காங்கோ, 1931இல் அங்கேயே மரணம். கிருஷ்ணகிரியிலிருந்து சபை டூர் போகும் பஸ்கள் பாதி ஊட்டிக்குத்தான் போகின்றன, எனவே இது எடுபடும்.

புள்ளிவிவரத்தைக் கட்டுரைக்குள் தூவாமல் பக்க ஓரத்தில் ஒரு பெட்டியில் போடுங்கள். ஷெப்பர்டுக்கு, 22 டெஸ்ட், 33 இன்னிங்ஸ், 2 முறை நாட் அவுட், 1172 ரன், 3 சதம். சராசரியை எங்கிருந்தோ பார்த்து எழுதாமல் நீங்களே வகுத்துப் பாருங்கள். 33இல் நாட் அவுட் 2 போக 31. 1172ஐ 31ஆல் வகுத்தால் 37.80. விடை ஒத்துவராவிட்டால் எண்களில் ஏதோ ஒன்று தப்பு. முதல்தர ஆட்டங்கள் 230, ரன் 15,838, சதம் 45. டெஸ்டும் இதற்குள் அடக்கம் என்பதால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். ஒரு மலரில் கூட்டி அச்சடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

படத்துக்கு நெட்டில் கிடைப்பதை அப்படியே இறக்காதீர்கள், 1950களின் படங்கள் பெரும்பாலும் செய்தி நிறுவனங்களின் உரிமையில் இருக்கும். அதற்குப் பதில் அந்த மடித்த தாளையே, வருடங்கள் நடுவிலும் கிரிக்கெட்டும் சபையும் இரு பக்கமும் இருக்கும்படி பட்டையாக வரைந்து போடலாம், நான் கோரலில் செய்து தருகிறேன். புரூஃபை இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒருவர் கிரிக்கெட் தெரிந்தவர், இன்னொருவர் சபைக்காரர். மேட்டரைக் கையால் எழுதித் தருபவர்கள் வருடங்களை மட்டுமாவது பெரிதாக எழுதுங்கள், 1க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியட்டும். மொபைலில் டைப் செய்பவர்கள் யுனிகோடிலேயே அனுப்புங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் நான் மறுபடி முழுசாக அடிக்க வேண்டும், அதற்குப் பக்கத்துக்குத் தனிக் காசு.